காற்று மேலேதான் போகும்

கேள்வி: பழைய வண்டியாக வாங்கிய 2011 மாடல் சுசுகி ஹயபூசா வைத்திருக்கிறேன். முன் ஸ்ப்ராக்கெட் மூடியின் அடியில் ஈரம் தெரிந்தது. திறந்து பார்த்தால் கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரில் லீக். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து பிஸ்டன் சீல் மாற்றினேன். அன்றிலிருந்து கிளட்ச் லீவர் கைப்பிடி வரை தொளதொளவென்று வருகிறது. வேகமாகப் பத்துப் பதினைந்து முறை அடித்தால் கொஞ்சம் இறுகும். சிறிது நேரம் விட்டுப் பிடித்தால் மறுபடி பழைய கதை. கிளட்ச்சை முழுக்கப் பிடித்தும் முதல் கியரில் வண்டி முன்னே இழுக்கிறது, நியூட்ரல் விழ மறுக்கிறது. மெக்கானிக் டிஸ்க் பிரேக்குக்கு ஏர் எடுப்பதுபோலவே ஒரு பாட்டில் ஆயில் தீரும்வரை ஏர் எடுத்தார். நிப்பிளில் குமிழி வருவது நின்றுவிட்டது, லீவர் மட்டும் மாறவில்லை. மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றிவிடலாம் என்கிறார். விலையைக் கேட்டு மலைத்துப்போய் எழுதுகிறேன். மாற்றத்தான் வேண்டுமா? ராத்திரி முழுக்க லீவரைக் கட்டிவைத்தால் சரியாகிவிடும் என்று ஒரு நண்பர் சொல்கிறார், அது உண்மையா?

— ஒரு வாசகர், கோவை

பதில்: மாஸ்டர் சிலிண்டர் வாங்கும் யோசனையைத் தற்போதைக்குத் தள்ளிவையுங்கள். அதற்கான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. தொடர்ந்து அடித்தால் லீவர் இறுகுகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் மாஸ்டர் சிலிண்டர் திரவத்தைத் தள்ளுகிறது, தள்ளிய அழுத்தத்தைத் தாங்கவும் செய்கிறது. உள்ளே ரப்பர் கப் தேய்ந்துபோன மாஸ்டர் வேறு மாதிரி நடந்துகொள்ளும். லீவரை ஒரே பலத்தில் பிடித்துக்கொண்டே இருந்தால், வெளியே ஒரு சொட்டுக்கூடக் கசியாமல், அது மெல்ல மெல்லக் கைப்பிடியை நோக்கி அமிழும். இன்றே சோதித்துப் பாருங்கள். அடித்து இறுக்கியதும் ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருங்கள். லீவர் அசையாமல் நின்றால் உள்ளே இருப்பது காற்றுதான். அதை வெளியேற்ற மருந்துக் கடையில் கிடைக்கும் ஒரு சிரிஞ்சே போதும்.

மெக்கானிக்கை நான் குறை சொல்ல மாட்டேன். நம் தெருக்களில் ஓடும் வண்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குக் கேபிள் கிளட்ச்தான். ஸ்ப்ளெண்டர், பல்சர், புல்லட் எல்லாம் அப்படித்தான். ஹைட்ராலிக் கிளட்ச் ஒரு பட்டறைக்கு வருவதே அபூர்வம். வரும்போது கை தானாகவே டிஸ்க் பிரேக்கில் பழகிய வேலையைச் செய்யும்: அடி, பிடி, நிப்பிளைத் திற, மூடு, விடு. பிரேக்கில் இது பலிக்கும். கிளட்ச்சில் பல நேரம் பலிக்காது. ஏன் என்று புரிந்துகொண்டால் வேலை பாதி முடிந்த மாதிரி.

பிரேக் பேடு டிஸ்க்கை ஏறக்குறைய உரசிக்கொண்டே நிற்கிறது. காலிபர் பிஸ்டன் ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்கு நகர்ந்தாலே பிடித்துவிடும். கொஞ்சம் காற்று இருந்தால் லீவர் பஞ்சு மாதிரி இருக்கும், ஆனாலும் பிடிக்கும். கிளட்ச்சில் ஸ்லேவ் பிஸ்டன் நிஜமாகவே ஒரு தூரம் பயணம் செய்தாக வேண்டும். தள்ளுகம்பியைத் தள்ளி, ஸ்பிரிங்குகளை அமுக்கி, தட்டுகள் ஒன்றையொன்று விட்டு விலகும் அளவுக்கு இடம் உண்டாக்க வேண்டும். அதுவும் லீவரின் ஒரே இழுப்பில்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 14 மி.மீ. விட்டமுள்ள மாஸ்டர் பிஸ்டன் 12 மி.மீ. நகர்வதாக வைத்துக்கொள்ளுங்கள். அது தள்ளும் திரவம் சுமார் 1.85 மி.லி. கீழே ஸ்லேவ் பிஸ்டனின் விட்டம் 38 மி.மீ. என்றால் அது நகரும் தூரம் சுமார் 1.6 மி.மீ. கிளட்ச்சின் வேலை முழுவதும் இந்த ஒன்றரை மில்லிமீட்டருக்குள்தான் நடக்கிறது. இப்போது குழாயில் அரை மி.லி. காற்று இருக்கிறது என்றால், அழுத்தம் ஏறும்போது அந்தக் காற்று கிட்டத்தட்ட ஒன்றுமில்லாத அளவுக்குச் சுருங்கும், அந்தச் சுருக்கத்தை நிரப்பவே அரை மி.லி. திரவம் செலவாகிவிடும். ஸ்லேவுக்கு மிஞ்சுவது 1.2 மி.மீ. நகர்வு. தட்டுகள் முழுதாக விலகாது, வண்டி இழுக்கும், நியூட்ரல் விழாது. வண்டிக்கு வண்டி அளவுகள் மாறும். ஆனால் அரை மி.லி. காற்றே ஒரு பெரிய கிளட்ச்சை முடக்கப் போதும் என்பது மாறாது.

சரி, குமிழி வருவது நின்றுவிட்டதே, காற்று எங்கே ஒளிந்திருக்கிறது? பெரும்பாலும் உச்சியில். உங்கள் வண்டியில் மாஸ்டர் இடது கைப்பிடியில், மிக உயரத்தில் இருக்கிறது. ஸ்லேவ் முன் ஸ்ப்ராக்கெட் மூடியில், மிகத் தாழ்வாக. நிப்பிள் ஸ்லேவில். வழக்கமான முறையில் ஏர் எடுக்கும்போது, மேலே மிதக்கும் காற்றைக் கீழே முழுதூரமும் இறக்கி வெளியேற்றப் பார்க்கிறோம். குழாயின் உள்விட்டம் 3 மி.மீ., நீளம் ஒரு மீட்டர் என்றால் அதற்குள் சுமார் 7 மி.லி. பிடிக்கும். லீவரின் ஒரு இழுப்பு, எதுவும் வீணாகாமல் போனால்கூட, குமிழியைக் கால் மீட்டர்தான் இறக்கும். பிறகு நிப்பிளை மூடி, லீவரை விட்டு, அடுத்த இழுப்புக்குத் தயாராவதற்குள் குமிழி மெதுவாகத் திரும்ப ஏறத் தொடங்கிவிடும். மாஸ்டரின் வாயில் குழாயை இணைக்கும் பேஞ்சோ போல்ட்டின் வளைவு குழாயைவிட அகலமானது. அங்கே காற்று மேல்புறம் ஒட்டிக்கொண்டு நிற்க, திரவம் அதன் அடியில் நழுவிக் கீழே போய்விடும். நிப்பிளில் சுத்தமான திரவம் வரும், காற்று மேலேயே இருக்கும். உங்கள் மெக்கானிக் ஒரு பாட்டில் ஆயிலையும் அப்படித்தான் அதன் அடியில் ஓடவிட்டிருக்கிறார்.

அதனால் திசையை மாற்றுங்கள். கீழிருந்து திரவத்தை ஏற்றி, காற்றை மேலே திரவம் நிற்கும் ரிசர்வாயர் வழியாக வெளியே விடுங்கள்.

அதற்கு முன்னால், மாற்றிய சீலைப் பற்றி ஒரு வார்த்தை. இதைச் சரிபார்க்காமல் ஏர் எடுக்க இறங்குவது நேர விரயம். கப் வடிவ சீலின் உதடு திரவம் இருக்கும் பக்கத்தைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டிருந்தால் அழுத்தத்தில் கசியும், லீவரை விடும்போது காற்றையும் உள்ளே விடும். சிலிண்டரின் உட்சுவரை விரலால் தடவிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். ஸ்ப்ராக்கெட் பக்கத்து ஸ்லேவ் என்பது செயின் லூப், மண், மழைநீர் எல்லாம் சேருமிடம். அலுமினியச் சுவரில் அரிப்புக் குழிகள் இருந்தால் புதிய சீல் சில மாதங்களில் பழைய சீல் ஆகிவிடும். அப்படியென்றால் பணத்தை மாஸ்டரில் போடாமல் புதிய ஸ்லேவில் போடுங்கள். தள்ளுகம்பி தன் இடத்தில் இருக்கிறதா, ஸ்லேவ் மூடியோடு சமமாக உட்கார்ந்து போல்ட்டுகள் இறுகியிருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஸ்லேவ் கழன்றிருக்கும்போது யாராவது லீவரை இழுத்தால் பிஸ்டன் வெளியே துள்ளி விழும், உள்ளிருக்கும் ஸ்பிரிங்கும் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஸ்லேவைக் கழற்றும் வேலை வந்தால் பிஸ்டனை ஒரு கேபிள் டையால் கட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

இனி வேலைக்கு வருவோம். 50 மி.லி. சிரிஞ்ச் ஒன்று, நிப்பிளில் இறுக்கமாக ஏறும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒரு முழம், நிப்பிளுக்கு ஏற்ற ரிங் ஸ்பேனர், சீல் உடைக்காத டாட் 4 பாட்டில், நிறையப் பழந்துணி. டேங்க்கையும் ஃபேரிங்கையும் மூடிவிடுங்கள். டாட் 4 பெயிண்ட்டைத் தின்றுவிடும். பட்டால் துடைப்பதைவிடத் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது நல்லது. கையுறை போடுங்கள், கண்ணாடியும் அணியுங்கள், ஏனென்றால் ரிசர்வாயர் திறந்திருக்கும்போது லீவரை வேகமாக விட்டால் உள்ளிருந்து பீய்ச்சி முகத்தில் அடிக்கும்.

முதலில் ரிசர்வாயரில் இருக்கும் பழைய திரவத்தைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து, அடியில் படிந்த கறுப்பு மண்டியைத் துணியால் துடைத்தெடுங்கள். ரிசர்வாயரின் அடியில் மாஸ்டருக்குள் திறக்கும் இரண்டு துளைகள் இருக்கும். ஒன்று ஊசி முனை அளவுதான். அதில் அழுக்கு அடைத்தால் நாம் செய்யப்போகும் எல்லாமே வீண். துளைகள் வெளியே தெரியாதபடி அடியில் மட்டும் கொஞ்சம் புதுத் திரவம் விட்டுவையுங்கள். கீழிருந்து வருவதற்கு மேலே இடம் வேண்டும்.

சிரிஞ்சை நிரப்பி, மூக்கை மேலே பிடித்துத் தட்டி, அதில் இருக்கும் காற்றை முழுதும் வெளியேற்றுங்கள். குழாயும் நுனிவரை திரவத்தால் நிரம்பட்டும். நிப்பிளில் மாட்டி, அரைச் சுற்றுத் திறந்து, மெதுவாக, நிறுத்தாமல் தள்ளுங்கள். இந்த நேரம் லீவரை யாரும் தொடக் கூடாது. லீவர் முழுதாக வெளியே இருந்தால்தான் அந்த ஊசித்துளை திறந்திருக்கும், திரவம் ரிசர்வாயருக்கு ஏற முடியும். கொஞ்சம் இழுத்துப் பிடித்திருந்தாலும் வழி அடைபடும், நீங்கள் தள்ளும் பலம் முழுவதும் ஸ்லேவ் பிஸ்டன் மேல் போய் விழும். இன்னொருவர் மேலே ரிசர்வாயரைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். முதலில் சில பெரிய குமிழிகள் கொப்பளித்து வரும், பிறகு சின்னச் சின்ன முத்துகள், அதன் பிறகு வெறும் திரவம். மட்டம் ஏறினால் இன்னொரு சிரிஞ்சால் எடுத்துவிடுங்கள். சிரிஞ்சின் அழுத்தம் விடாமலேயே நிப்பிளை மூடுங்கள். குழாயின் முழுக் கொள்ளளவே சுமார் 7 மி.லி. என்றால், 30 மி.லி. ஏற்றுவது தாராளம்.

அடுத்து மாஸ்டரின் தலைப்பக்கம். வண்டி சைடு ஸ்டாண்டில் இடது பக்கம் சாய்ந்து நிற்கும்போது கைப்பிடி முனை தாழும், பேஞ்சோ போல்ட் பக்கம் உயரும். காற்று போல்ட்டுக்குள்ளேயே சிறைப்படும். வண்டியைப் பேடாக் ஸ்டாண்டில் நேராக நிறுத்துங்கள். ஹேண்டில்பாரை இரு பக்கமும் திருப்பி, பேஞ்சோ போல்ட் தாழ்ந்து ரிசர்வாயர் பக்கம் உயரும் நிலையைக் கண்டுபிடியுங்கள். அந்த நிலையில் லீவரை முழுக்க இழுக்காமல், தொடக்கத்தின் சில மில்லிமீட்டர் மட்டும் வேகமாகத் துடிக்க விடுங்கள். ஊசித்துளை வழியாகக் கடுகளவு குமிழிகள் எழும். சோர்வில்லாமல் செய்யுங்கள். குழாயை ஸ்பேனரின் கைப்பிடியால் மென்மையாகத் தட்டிக்கொண்டே வந்தால் சுவரில் ஒட்டியவையும் கழன்று ஏறும். இந்தக் கட்டத்தில் லீவரில் வரும் மாற்றத்தைக் கையாலேயே உணர்வீர்கள்.

அதற்கும் மசியாவிட்டால் பேஞ்சோ போல்ட்டிலேயே ஏர் எடுக்கலாம். சில மாஸ்டர்களில் அங்கேயே ஒரு நிப்பிள் உண்டு. இல்லாவிட்டால் போல்ட்டைச் சுற்றிக் கனமாகத் துணி சுற்றி, லீவரை இழுத்துப் பிடித்து, போல்ட்டைக் கால் சுற்றுத் தளர்த்தி, சீறல் நின்றதும் இறுக்கி, அதன் பிறகே லீவரை விடுங்கள். வரிசை மாறினால் விடும்போது காற்று உள்ளே இழுபடும். வேலை முடிந்ததும் வாஷர்களைப் புதிதாக மாற்றுங்கள். நசுங்கிய பழைய வாஷரை மறுபடி இறுக்குவது கசிவை அழைத்துக்கொள்வது.

ஏர் எடுக்கும்போது ஒரு தடவையாவது ரிசர்வாயர் வற்றியதா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். வற்றியிருந்தால் மாஸ்டரே காற்றால் நிரம்பியிருக்கும். காற்றை அமுக்கி அமுக்கி விடுவதைத் தவிர அதனால் எதுவும் செய்ய முடியாது. வற்றிய அடிபம்பில் மேலே தண்ணீர் ஊற்றி அடித்தால்தான் நீர் ஏறும், அதே நிலைதான் இதற்கும். கீழிருந்து சிரிஞ்சால் ஏற்றுவது இந்தச் சிக்கலையும் சேர்த்தே தீர்த்துவிடும். நான் இந்த முறையை முதலில் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

வேக்கம் பம்ப் வைத்து நிப்பிளில் உறிஞ்சும் பட்டறைகளும் உண்டு. அதில் ஒரு மாயை இருக்கிறது. நிப்பிளைத் தளர்த்தியதும் அதன் மரையைச் சுற்றி வெளிக்காற்று உள்ளே இழுபட்டுக் குழாயில் குமிழியாக ஓடும். இன்னும் காற்று இருக்கிறது, இன்னும் இருக்கிறது என்று நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டே இருப்பார்கள். குமிழியைப் பார்த்து முடிவு செய்யாமல் லீவரைப் பிடித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இனி உங்கள் நண்பரின் யோசனை. லீவரைக் கைப்பிடியோடு இழுத்துக் கட்டி ராத்திரி விடுவதில் உண்மை இருக்கிறது. அழுத்தத்தில் குமிழிகள் சுருங்குகின்றன, சுவரின் பிடியை விடுகின்றன, கொஞ்சம் கொஞ்சமாக ஏறி மாஸ்டருக்கு வருகின்றன. காலையில் கட்டை அவிழ்த்ததும் துளை திறந்து வெளியேறுகின்றன. ஆனால் இது எஞ்சியிருக்கும் துணுக்குகளுக்கான வைத்தியம். உங்களுடையதுபோல லீவர் கைப்பிடியைத் தொடும் அளவு காற்று இருக்கும்போது கட்டிவைத்தால் அழுத்தமே உண்டாகாது, எதுவும் நகராது. சிரிஞ்ச் வேலையை முடித்துவிட்டு, லீவர் முக்கால்வாசி சரியான பிறகு கட்டுங்கள். காலையில் ஸ்லேவைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் சீல் வேலையில் குறை இருக்கிறது என்று தெரிந்துவிடும். ராத்திரி முழுக்க நின்ற அழுத்தத்தைவிட நல்ல சோதனை அதற்குக் கிடையாது.

திரவத்தைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உங்கள் வண்டியின் கிளட்ச்சுக்கு டாட் 4. டாட் 5.1 இதோடு சேரும், டாட் 5 சேராது. அது சிலிக்கோன், பெயர் ஒத்திருப்பதால் ஏமாறாதீர்கள். இதைப் படிக்கும் மற்றவர்களும் கவனியுங்கள்: கேடிஎம் 990 அட்வென்ச்சர், பிஎம்டபிள்யூ ஆர்1200ஜிஎஸ் போன்ற சில வண்டிகளின் கிளட்ச்சில் ஓடுவது மினரல் ஆயில். அதில் டாட் 4 ஊற்றினாலும், டாட் 4 வண்டியில் மினரல் ஆயில் ஊற்றினாலும் சீல்கள் கெட்டு, மேலிருந்து கீழ்வரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். மூடியில் எழுதியிருப்பதைப் படிக்காமல் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

டாட் 4 காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரிதான் உத்தரவாதம். ஸ்லேவ் எஞ்சினோடு ஒட்டியே இருப்பது. மே மாத வெயிலில் காந்திபுரம் சிக்னலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது லீவர் தளர்ந்து, வண்டி ஆறியதும் தானாகச் சரியானால், அது நாம் இப்போது பேசும் காற்று அல்ல, பழைய திரவம் கொதித்து ஆவியாவது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அலமாரியில் திறந்து வைத்த பாதிப் பாட்டிலை அடுத்த வருடத்துக்கு என்று சேமிக்காதீர்கள்.

எல்லாம் செய்தும் லீவரின் முதல் பாதி வெறுமையாகவே வந்தால், லீவரைக் கழற்றுங்கள். பழைய வண்டி என்கிறீர்கள். முன்பிருந்தவர் வெளிச்சந்தை லீவர் மாட்டியிருக்கலாம். லீவருக்குள் ஒரு சின்னப் பித்தளைப் புஷ் இருக்கும், மாஸ்டரின் தள்ளுகம்பி அதன் குழியில் உட்கார வேண்டும். புஷ் தொலைந்திருந்தாலோ திரும்பியிருந்தாலோ, லீவர் நகரும் தூரத்தில் ஒரு பங்கு எதையும் தள்ளாமல் வீணாகும். எத்தனை பாட்டில் திரவத்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது. இதற்கு எதிர்மாறான கோளாறும் உண்டு. லீவர் பிஸ்டனைச் சற்று அழுத்தியே வைத்திருந்தால் ஊசித்துளை மூடியே கிடக்கும். ஏர் எடுக்கவும் முடியாது, எஞ்சின் சூடாகித் திரவம் விரியும்போது கிளட்ச் தானாக வழுக்கத் தொடங்கும்.

சாலையில் இறங்கும் முன் எஞ்சினை நிறுத்தி, முதல் கியர் போட்டு, லீவரைப் பிடித்துக்கொண்டு வண்டியைத் தள்ளுங்கள். தடையில்லாமல் உருள வேண்டும். ஆறிய எஞ்சினில் ஆயிலின் பிசுக்கால் லேசான இழுவை இருப்பது இயல்பு. முன்னும் பின்னும் இரண்டு முறை ஆட்டினால் விட்டுவிடும். அதன் பிறகு எஞ்சினை ஓடவிட்டு, முன் பிரேக்கைப் பிடித்தபடி கியர் போட்டு, வண்டி முன்னே தாவாமல் நிற்கிறதா, நியூட்ரல் சுலபமாக விழுகிறதா என்று பாருங்கள்.

கடைசியாக ரிசர்வாயரை மூடும்போது, மேல் கோட்டுக்குச் சற்றுக் கீழேயே நிறுத்துங்கள். பிரேக்கில் பேடு தேயத் தேயத் திரவ மட்டம் இறங்கும். கிளட்ச்சில் நேர்மாறு. தட்டுகள் தேயும்போது தள்ளுகம்பி ஸ்லேவ் பிஸ்டனை உள்ளே தள்ளிக்கொண்டு வருவதால் மட்டம் ஏறும். விளிம்புவரை ஊற்றினால் அது ஏற இடமிருக்காது.